காட்டு பங்களாவில் ஓர் இரவு தங்கப் போகும் புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

காலாப்பட்டிலும் லாசுப்பேட்டையிலும் படிக்கிறவர்கள், தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊசுட்டேரிக் கரையில் பைனாகுலரோடு நிற்கிறவர்கள் என உங்களில் பலரை எனக்குத் தெரியும். மூன்று நாள் விடுமுறை சேர்ந்து வந்தால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஓடிய காலம் மாறி, இப்போது வனத்துறையின் பழைய பங்களாக்களில் ஓர் இரவாவது தங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள். நல்ல ஆசைதான். எப்படி முன்பதிவு செய்வது, பஸ் உண்டா, போன் எடுக்குமா, புலி தெரியுமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ஆளாளுக்குத் தனியாகப் பதில் சொல்லும்போது முக்கியமானவை விடுபட்டுப்போகின்றன. அதனால் எல்லோருக்குமாக இந்த மடல்.

நம் ஊருக்குக் காடு கிடையாது. கடல் உண்டு, ஊசுடு, பாகூர் என்று பெரிய ஏரிகள் உண்டு, வடக்கே செம்மண் மேடு உண்டு. மரம் அடர்ந்த மலை என்று காட்ட ஒன்றும் இல்லை. பக்கத்தில் இருக்கும் பழைய காடு என்றால் அது திருவக்கரைதான். அங்கே இருப்பவை சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் கல்லாகிப்போன மரங்கள். 1781-லேயே சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் அவற்றைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். உயிரோடு இருக்கும் பெருங்காட்டைப் பார்க்க நாம் ஓர் இரவு முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து மேற்கே போயாக வேண்டும். இத்தனை தூரம் போகிறோமே, கொடுத்த காசுக்கு எல்லாம் கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பயணத்திலேயே நமக்குள் வளர்ந்துவிடுகிறது. அந்த எண்ணத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

இப்படித் தங்கப் பழைய பங்களாக்கள் பல இடங்களில் உண்டு. முண்டந்துறையில் பழைய வன விடுதி இருக்கிறது. முதுமலையில் கார்குடி இருக்கிறது. ஆனாலும் ஆனைமலையை வைத்தே சொல்கிறேன். பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக ஏறினால் டாப்சிலிப். காட்டு பங்களா என்ற ஒன்று ஏன் வந்தது என்பதற்கான முழுக் கதையும் அங்கே கண்ணுக்கு எதிரே நிற்கிறது.

அந்தக் கதை கோடரியில் தொடங்குகிறது. பம்பாய்க் கப்பல் கட்டும் துறைக்குத் தேக்கு வேண்டியிருந்தது. 1848-ல் ஜேம்ஸ் மைக்கேல் என்ற இளம் ராணுவ அதிகாரி ஆனைமலைத் தேக்குக் காட்டின் பொறுப்புக்கு வந்து, மரம் வெட்டி இறக்கும் வேலையை ஒழுங்குபடுத்தினார். 1856-ல் சென்னை மாகாணத்துக்கு முதல் வனப் பாதுகாவலராக ஹியூ கிளெகார்ன் என்ற மருத்துவர் நியமிக்கப்பட்டார். அதே ஆண்டுதான் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் ரயில் ஓடியது. தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைகளுக்கும் காடுதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வெட்டிய மரங்களை யானைகள் மலை விளிம்புவரை இழுத்து வரும், அங்கிருந்து சரிவில் உருட்டிவிடுவார்கள். மரம் சறுக்கிய அந்த மேல்முனைதான் டாப்சிலிப் ஆனது.

வெட்டவும் எண்ணவும் காவல் காக்கவும் அதிகாரிகள் காட்டுக்குள் நாள்கணக்கில் நடந்தார்கள். ஒரு நாள் நடைக்கு ஒரு தங்குமிடம் என்ற கணக்கில் பங்களாக்கள் எழுந்தன. அவற்றின் அமைப்பைப் பார்த்தாலே அது புரியும். சுற்றிலும் அகலமான தாழ்வாரம், கணக்கு எழுத ஒரு மேசை, இரண்டு அறை, தள்ளி ஒரு சமையல்கட்டு, குதிரைக்கும் ஆட்களுக்கும் ஒரு கொட்டகை. வேலைக்காகக் கட்டிய வீடு அது, இன்றுவரை வேலைக்கான வீடாகவே இருக்கிறது. கணக்கெடுப்புக்கு வருகிறவர்களும் ரோந்து போகிறவர்களும் அங்கேதான் தங்குகிறார்கள். நடுவே காலியாக இருக்கும் ஓர் இரவை நமக்குத் தருகிறார்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டால், வெந்நீர் வரவில்லை, டிவி இல்லை என்ற குறைகள் தாமாகவே கரைந்துவிடும்.

டாப்சிலிப்பில் தங்கினால் ஹியூகோ உட் கல்லறைக்குக் கட்டாயம் போய்வாருங்கள். 1915 வாக்கில் கோவை தெற்கு வனக் கோட்டத்துக்கு அவர் அதிகாரியாக வந்தபோது தேக்கு வெட்டி வெட்டி இந்த மலை மொட்டையாகிக்கொண்டிருந்தது. மரத்தை வேரோடு பெயர்க்காமல் தரையை ஒட்டி வெட்டச் சொன்னார். அடிக்கட்டை உயிரோடு இருந்தால் அதிலிருந்தே தழைக்கும் என்பது அவர் கணக்கு. வெட்டிய இடத்தில் திரும்ப நட வேண்டும் என்ற முறையையும் கொண்டுவந்தார். பை நிறையத் தேக்கு விதையோடு நடப்பாராம். கைத்தடியால் மண்ணில் குத்தி, அந்தக் குழியில் ஒரு விதையைப் போட்டுக்கொண்டே போவாராம். இந்தக் கதையை அங்கே எல்லோரும் சொல்வார்கள். 1933 டிசம்பரில் குன்னூரில் இறந்தார். தாம் வளர்த்த தேக்குகளுக்கு நடுவிலேயே தம்மைப் புதைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம், அதன்படியே செய்தார்கள். கல்லறையில் லத்தீனில் ஒரு வரி உண்டு: நினைவுச் சின்னம் தேடுகிறாய் என்றால் சுற்றிலும் பார் என்பது அதன் பொருள். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்னின் கல்லறைக்காக எழுதப்பட்ட வரி அது. கட்டடக் கலைஞனுக்கு எழுதியது ஒரு வனக்காரருக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது என்பது என் எண்ணம்.

கல்லறையின் முன் நின்று கைகூப்புங்கள், தவறில்லை. ஆனால் அங்கிருந்து சிறிது தூரம் தள்ளிக் கரியன் சோலைக்குள்ளும், அனுமதியோடும் வழிகாட்டியோடும் நடந்து பாருங்கள். உட் வளர்த்தது தேக்குத் தோப்பு. வரிசையாக நிற்கும், கோடையில் மொத்தமாக இலையுதிர்க்கும், வெளிச்சம் தரைவரை விழும். சோலை வேறு. நடுப்பகலிலும் இருட்டு, ஒரு மரத்தைப் போல இன்னொரு மரம் இல்லை, காலடியில் ஈரம், மழைக்காலமென்றால் காலில் அட்டை. நட்ட காட்டுக்கும் தானாக வந்த காட்டுக்கும் உள்ள தூரத்தைப் புத்தகம் இல்லாமலே ஒரே காலையில் கற்றுக்கொள்ள முடிகிற இடம் இது. உட்டைப் போற்றுவதும், அவர் காலத்துத் திட்டங்கள் பல வகை மரம் இருந்த இடத்தை ஒரே வகை மரமாக்கின என்று சொல்வதும் ஒன்றுக்கொன்று முரண் ஆகாது. இரண்டும் அங்கே நிற்கின்றன.

அந்தத் தோப்புகளில் குழி வெட்டியவர்கள், நட்டவர்கள், யானையை ஓட்டியவர்கள் யாருக்கும் கல்லறையில் வாசகம் இல்லை. காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், இரவாளர் என்று ஆறு பழங்குடி மக்கள் ஆனைமலையில் வாழ்கிறார்கள். மைக்கேல் வருவதற்கு எவ்வளவோ முன்பிருந்தே தேனெடுத்தும் கிழங்கு அகழ்ந்தும் அந்தக் காட்டை அறிந்தவர்கள் அவர்கள். உங்களுக்கு வழிகாட்டியாக வரும் அண்ணன் அநேகமாக அவர்களில் ஒருவராக இருப்பார். பெயரைக் கேளுங்கள், பெயர் சொல்லி அண்ணா என்று கூப்பிடுங்கள். “கைடு, கைடு” என்று கைதட்டி அழைப்பதைக் கேட்கும்போது எனக்கு உடம்பு கூசுகிறது.

இதையும் தெரிந்துகொண்டு போங்கள். இதே ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் வால்பாறைப் பக்கம் கல்லார் என்ற காடர் குடியிருப்பு உண்டு. 2019 ஆகஸ்ட் மழையில் மண் சரிந்து அவர்கள் வீடுகள் போயின. பக்கத்திலேயே தெப்பக்குளமேட்டில் குடியிருக்க இடம் கேட்டார்கள். தங்கள் மூதாதையர் காட்டுக்குள் சில வீட்டு மனைகளுக்காக அந்த மக்கள் நெடுநாள் போராட வேண்டியிருந்தது. 2006-ன் வன உரிமைச் சட்டம் கையில் இருந்தும் இந்த நிலை. நமக்கோ அதே காப்பகத்துக்குள் ஓர் அறை, பணம் கட்டினால் போதும், உறுதியாகிவிடுகிறது. குற்றவுணர்வு கொள்ளுங்கள் என்று சொல்ல வரவில்லை. அங்கே யார் விருந்தாளி, யார் வீட்டுக்காரர் என்பதில் உங்களுக்குக் குழப்பம் இருக்கக் கூடாது, அவ்வளவே.

இனி இரவுக்கு வருகிறேன். சேத்துமடைச் சோதனைச்சாவடியை நல்ல வெளிச்சம் இருக்கும்போதே தாண்டிவிடுங்கள். இருட்டிய பிறகு வந்து நின்று, அவரைத் தெரியும் இவரைத் தெரியும் என்று போன் போடுவது நம் பிள்ளைகளிடம் இருக்கும் கெட்ட பழக்கம். இருட்டிய பிறகு உள்ளே விடுவதில்லை என்ற விதி யானைக்காகவும் உங்கள் உயிருக்காகவும் வைத்தது. பங்களாவில் சமைக்கிறவர் பக்கத்துக் குடியிருப்பில் இருந்து வருகிறவராக இருப்பார். சமைத்துக் கொடுத்துவிட்டு, யானை நடமாடும் வழியைத் தாண்டி அவர் வீடு போய்ச் சேர வேண்டும். அவர் சொல்கிற நேரத்துக்குச் சாப்பிடுங்கள். சோறு, ரசம், முட்டை என்று எது கிடைக்கிறதோ அதைச் சாப்பிடுங்கள். இலையில் மிஞ்சியதை வெளியே கொட்டாதீர்கள். டாப்சிலிப் விடுதிகளைச் சுற்றிக் காட்டுப்பன்றிகள் வளைய வருவதைப் பார்ப்பீர்கள். அவற்றுக்கு எச்சில் சோற்றைப் பழக்கியவர்கள் நம்மைப் போல வந்து போனவர்கள்தான்.

பழைய விடுதிகள் பலவற்றைச் சுற்றி அகழி வெட்டியிருப்பார்கள். யானையால் தாண்டிக் குதிக்க முடியாது என்பதை நம்பி வெட்டியது. அந்த அகழிக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் அவை. அகழிக்கு அப்பால் இரவில் ஓர் அடிகூட வைக்க வேண்டாம்.

விளக்கை அணைத்துவிட்டுத் தாழ்வாரத்தில் உட்காருங்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. நகரத்துக் காது அடங்கப் பொழுது பிடிக்கும். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கும். தரையில் உட்கார்ந்து ஒரே தாளத்தில் தட்டுவதுபோல் கூவும் பக்கி. எங்கோ கேளையாட்டின் குரைப்பு. கடமான் எச்சரிக்கை கொடுத்தால் அந்த ஒலி அடிவயிற்றில் இறங்கும், ஏதோ ஒன்று நடமாடுகிறது என்று பொருள். அது சிறுத்தையா புலியா என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை, தெரிய வேண்டியதும் இல்லை. விடியலில் சீகாரப் பூங்குருவியின் சீழ்க்கை கேட்கும். அதற்குப் பிறகு கருமந்தியின் முழக்கம் சோலையிலிருந்து எழும். பெரிய இருவாச்சி தலைக்கு மேல் பறந்தால் கண்ணுக்கு முன் காதுக்கே எட்டும், அதன் சிறகுச் சத்தம் அத்தனை பெரிது. புலியைப் பார்க்காமல் திரும்பியவர்கள் ஏமாற்றத்தோடு பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்காக வருந்துகிறேன், ஏனென்றால் இவ்வளவும் அவர்கள் தங்கிய இரவிலும் நடந்திருக்கும்.

மறுநாள் கோழிகமுத்தி யானை முகாமுக்குப் போக முடிந்தால் போங்கள். மலசர் பாகன்கள் பரம்பரையாக யானை பார்க்கும் இடம் அது. கும்கி கலீம் 2023 மார்ச்சில், 60 வயதில் பணி ஓய்வு பெற்றதும் அங்கேதான். ஊருக்குள் வந்த யானைகளை விரட்டவும் பிடிக்கவும் வாழ்நாளெல்லாம் உழைத்த அந்த யானைக்கு வனத்துறையினர் அணிவகுத்து மரியாதை செய்தார்கள். முகாம் யானைகளை இரவில் மேய்ச்சலுக்குக் காட்டில் விடுவார்கள், காலில் நீளமான சங்கிலியோடு. விடிந்ததும் பாகனும் அவருடைய உதவியாளரான காவடியும் அந்தச் சங்கிலி இழுபட்ட தடத்தைப் பார்த்துக்கொண்டே கிலோமீட்டர் கணக்கில் நடந்து தங்கள் யானையைக் கண்டுபிடிப்பார்கள். காட்டு யானைகளும் திரியும் அதே காட்டில், வெறுங்கையோடு. ராகியும் கொள்ளும் சேர்ந்த கவளம் ஊட்டுவதைப் படம் எடுக்கும்போது, அதற்கு முன் நடந்த அந்த நடையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் இருந்தால் எல்லை தாண்டிப் பரம்பிக்குளம். கேரளத்தின் காப்பகம், ஆனால் சாலை நம் டாப்சிலிப் வழியாகத்தான். கொச்சி சமஸ்தானம் மரம் கொண்டுபோகவென்றே காட்டுக்குள் டிராம் ரயில் ஓட்டிய இடம் அது. சாலக்குடியிலிருந்து வந்த அந்தத் தண்டவாளத்தின் மிச்சங்களை இன்றும் காட்டுவார்கள். 1933-ல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளை ஆராய வந்த சாலிம் அலி அந்த டிராம் பாதையில் இருந்த குரியார்குட்டியில் தங்கி வேலை செய்தார். மலையின் ஒரு பக்கம் விதைத்துக்கொண்டே நடந்த உட் கண்மூடிய அதே ஆண்டில், மறுபக்கத்தில் இந்தியப் பறவையியலின் பெரும்பணி ஒன்று நடந்துகொண்டிருந்திருக்கிறது. நம் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணனும் தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைப் பற்றி ஆய்வு செய்தபோது காடு காடாகச் சுற்றியவர்தான். இவர்களுக்கெல்லாம் கிடைத்த வசதி ஒரு கட்டில், ஒரு விளக்கு, ஒரு மேசை.

அதனால்தான் பழைய பங்களாக்களை இடித்துப் புதிதாக்குவதைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. ஓட்டுக் கூரையை எடுத்துவிட்டு கான்கிரீட், தேய்ந்த தரைக்கு மேல் வழவழ டைல்ஸ், சுவரில் ஏசி. தங்க வருகிறவர்கள் கேட்கிறார்கள் என்பதுதான் காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆகவே கேட்காதீர்கள். கருத்துப் படிவத்தில் “வசதி போதவில்லை” என்று எழுதாதீர்கள். வருகைப் பதிவேட்டில் “சூப்பர் பிளேஸ்” என்று எழுதுவதற்குப் பதிலாகப் பார்த்ததை எழுதுங்கள்: தேதி, நேரம், இடம், எந்த விலங்கு அல்லது பறவை, எத்தனை. பின்னால் வருகிற ஒருவருக்கு அது பயன்படும்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். புதுச்சேரியிலிருந்து வருகிறோம் என்றாலே பையில் பாட்டில் இருக்கும் என்று எங்கும் நினைக்கிறார்கள். அந்தப் பெயர் நமக்கு வந்தது சும்மா இல்லை. நம் ஊர் மதுவைத் தமிழ்நாட்டுக்குள் கடத்துவதே குற்றம், புலிகள் காப்பகத்துக்குள் கொண்டுபோவது அதைவிடப் பெரிய கேடு. உடைந்த பாட்டில் சில்லு யானையின் பாதத்தில் ஏறினால் புண் புரையோடும். நடந்தே பிழைக்கும் உயிர் அது, நடக்க முடியாமல் போனால் முடிந்தது. புளூடூத் ஸ்பீக்கரையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். இவை இரண்டும் இல்லாமல் ஓர் இரவைக் கழிக்க முடியாது என்று நினைப்பவர்கள் உங்கள் கூட்டத்தில் இருந்தால், அவர்களைக் கடற்கரைச் சாலையிலேயே விட்டுவிட்டுப் போங்கள். கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரிந்தே சொல்கிறேன். வேட்டைத் தடுப்புக் காவலர்கள் உள்காட்டு முகாம்களில் வீட்டைப் பிரிந்து கிடக்கிறார்கள். பலர் தற்காலிகப் பணியாளர்கள். அவர்கள் காக்கும் இடத்தில் போய் நாம் ஆடிவிட்டு வரக் கூடாது.

எப்போது போகலாம் என்றும் கேட்பீர்கள். பிப்ரவரிக்கு மேல் கோடை மழை விழும்வரை காடு காய்ந்து கிடக்கும். தீ அபாயத்தால் அந்த மாதங்களில் பல இடங்களை மூடிவிடுவார்கள். 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன கூட்டத்தைக் காட்டுத் தீ சூழ்ந்து 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உங்கள் வயதுப் பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிகள் இறுகின. எனவே மூடியிருக்கிறது என்றால் வேறு வழி தேடாதீர்கள். மழைக்குப் பிறகு போங்கள்.

காத்திருக்கும் மாதங்களில் செய்ய நம் ஊரிலேயே ஒரு வேலை இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சி கைமாறியபோது செய்துகொண்ட உடன்பாட்டின்படி 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் செயின்ட் லூயி தெருவில் கடலைப் பார்த்து நிற்கிறது. காடே இல்லாத ஊரில் உட்கார்ந்து மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளை வரைபடமாக்கியவர்கள் அவர்கள். தென்னிந்திய மாநிலங்களின் வனத்துறைகளோடு சேர்ந்து வெளியிட்ட அந்த வரைபட வரிசையில் கோயம்புத்தூர்–திருச்சூர் தாளை எடுத்துப் பாருங்கள். நீங்கள் தங்கப் போகும் மலை எந்தெந்த வகைக் காட்டால் ஆனது என்று நிறம் நிறமாகத் தெரியும். குடகின் உப்பங்களாவில் 1990 வாக்கிலிருந்து மரங்களுக்கு எண் போட்டு வளர்ச்சியை அளந்துவருகிறார்கள். பறித்து அழுத்திக் காயவைத்த செடிகொடிகளின் பெரிய தொகுப்பும் அந்த நிறுவனத்தில் உண்டு. முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொண்டு போங்கள். அதற்கு முன் ஒரு மாலை, 1826-ல் அமைத்த நம் தாவரவியல் பூங்காவிலும் நடந்துவிட்டு வாருங்கள். நீலகிரியில் செடிகள் தேடி அலைந்த பெரோத்தே என்ற தாவரவியலாளர் பார்த்துக்கொண்ட தோட்டம் அது. மரத்தின் பட்டையையும் இலையையும் பார்த்துப் பெயர் சொல்ல ஒரு பத்து மரமாவது கற்றுக்கொண்டு மலை ஏறுங்கள். ஆனைமலையில் தெரியாத மரம் வந்தால் இலையைப் பறிக்காதீர்கள், படம் எடுத்து வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பெயர் தேடலாம்.

அன்புடன்,
உங்களில் மூத்த ஒருவர்
புதுச்சேரி